முதியோருக்கு இல்லம் வேண்டாம், வீடு வேண்டும்

பங்கின் வெள்ளிவிழா வந்தாலும் பொன்விழா வந்தாலும், அதன் நினைவாக ஒரு முதியோர் இல்லம் எழுப்பலாம் என்று பங்குப் பேரவையில் எவரேனும் ஒருவர் எழுந்து முன்மொழிவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. உடனே கரவொலி எழும். நன்கொடைப் பட்டியல் திறக்கும். கடல் கடந்து வாழும் பிள்ளைகள் தாராளமாகக் கொடுப்பார்கள். அறையொன்றின் வாயிலில் தம் பெற்றோரின் பெயரைப் பளிங்கில் பொறிக்கக் கேட்பார்கள். இத்தகைய நற்செயலை எதிர்த்துப் பேசுபவன் ஈரமற்றவன் என்று பெயர் எடுப்பான். அப்பெயர் எனக்கு வந்தாலும் வரட்டும். கட்டடம் கட்டும் இந்த ஆர்வம், முதியோருக்கு நாம் செய்ய வேண்டிய கடமையிலிருந்து தப்பிச் செல்லும் வழியாக மாறிவருகிறது என்பதே இக்கட்டுரையின் குற்றச்சாட்டு. வீட்டிலேயே வாழ விரும்பும் முதியோருக்கு வீட்டிலேயே பணிவிடை கிடைக்க அரசு பொதுப்பணத்தைச் செலவிட வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவது கிறிஸ்தவர்களின் கடமை என்பதே இதன் கோரிக்கை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஆதரவற்ற முதியோரை ஏந்திக்கொண்ட துறவற சபைகளை நான் குறைகூறவில்லை. 1839-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் ஜான் ஜுகன் என்னும் எளிய பெண், பார்வையிழந்து முடங்கிக் கிடந்த ஒரு மூதாட்டியைத் தம் இருப்பிடத்துக்குக் கொண்டுவந்து, தம் படுக்கையையே அவருக்குக் கொடுத்தார். அச்செயலிலிருந்து பிறந்ததுதான் ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை. 1882-இல் அவர்கள் கொல்கத்தாவுக்கு வந்தார்கள். 2009-இல் திருச்சபை ஜான் ஜுகனைப் புனிதராக அறிவித்தது. ஆனால் அவர் ஏற்றுக்கொண்டவர் எவருமற்றவர். இன்று நம் இல்லங்களின் வாயிலில் வந்து நிற்பவர்களுள் பலருக்கு வீடு உண்டு, நிலம் உண்டு, பெற்ற மக்கள் உண்டு. இல்லாதது ஒன்றே: வீட்டுக்கு வந்து கைகொடுக்கும் ஓர் ஆள்.

அவர்கள் கேட்பது என்ன?

முதல் வெள்ளிதோறும் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும் எந்தக் குருவுக்கும் இந்தக் காட்சி புதிதன்று. திரு இருதயப் படத்துக்கு நேராகக் கட்டில். தலைமாட்டில் மருந்துப் பை, செபமாலை, இடுப்பில் சாவிக்கொத்து. பிள்ளைகள் சென்னையிலோ, பெங்களூரிலோ, வளைகுடா நாடுகளிலோ. பணம் மாதந்தவறாமல் வருகிறது, ஆள்தான் வருவதில்லை. அந்த மூதாட்டிக்கு வேண்டியவற்றைக் கேட்டுப் பாருங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் உடல் கழுவிவிட ஒரு பெண். குளிக்கும் இடத்தில் வழுக்காத தரையும், கழிவறைச் சுவரில் பிடித்தெழ ஒரு கம்பியும். சமைக்க முடியாத நாளில் ஒரு வேளைக் கஞ்சி. மருந்தை நேரம் பிரித்து வைத்துக் கொடுக்கப் படித்த ஒருவர். மருத்துவமனைக்குப் போய்வரத் துணை. இவ்வளவுதான்.

இச்சிறு உதவிகள் கிடைக்காமையால், ஒருநாள் அவர் வழுக்கி விழுகிறார். இடுப்பெலும்பு முறிகிறது. பிள்ளைகள் விமானம் ஏறி வருகிறார்கள். பத்து நாள் விடுப்பில் வந்தவர்கள் பத்தாம் நாள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். வீடு பூட்டப்படுகிறது. சாவிக்கொத்து மகனின் பைக்குள் போகிறது. மூதாட்டி இல்லத்துக்குப் போகிறார். அங்கே உணவு உண்டு, மருந்து உண்டு, திருப்பலியும் உண்டு. ஆனால் காப்பியை எப்போது குடிப்பது, விளக்கை எப்போது அணைப்பது, யாரோடு பேசுவது என்பவற்றை இனி அவர் முடிவு செய்வதில்லை. அறுபது ஆண்டுகளாக அவரைப் பெயர்சொல்லி அழைத்த அண்டை வீட்டாரும் அங்கு இல்லை.

உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடலோரத்தில் பேதுருவிடம், முதிர்ந்த வயதில் அவர் கைகளை விரித்து நிற்க, மற்றொருவர் அவருக்கு இடைக்கச்சை கட்டி, அவர் விரும்பாத இடத்துக்குக் கொண்டுபோவார் என்று முன்னுரைத்தார். அது மறைச்சாட்சியின் இறப்பைக் குறித்த சொல். அந்தச் சொல்லை நாம் நம் பெற்றோர்மீது வசதிக்காக நிறைவேற்றிக்கொண்டிருக்கிறோம்.

தன் வீட்டில் வாழ விரும்புவதை முதியவரின் பிடிவாதம் என்றும் அகந்தை என்றும் சொல்வோர் உண்டு. இறைவன் மனிதருக்குக் கொடுத்த உரிமைகளுள், தன் வாழ்வைத் தானே நடத்தும் உரிமை எழுபது வயதில் காலாவதி ஆவதில்லை. சீராக்கின் ஞானநூல் மூன்றாம் அதிகாரம், தந்தையின் அறிவாற்றல் குறைந்துபோனாலும் அவரை இகழாமல் பொறுமையோடு நடத்தச் சொல்கிறது. அறிவு தளர்ந்தவருக்கே இந்த மதிப்பு உரியதெனில், கால் மட்டும் தளர்ந்தவரின் விருப்பத்தை மீற நமக்கு உரிமை தந்தவர் யார்?

அரசின் பணம் எங்கே நிற்கிறது?

நம் அரசியலமைப்பின் 41-ஆம் பிரிவு, முதுமையிலும் நோயிலும் உடல் இயலாமையிலும் குடிமக்களுக்குப் பொது உதவி கிடைக்க அரசு தன் பொருளாதார வலிமைக்கு ஏற்ப வழிசெய்ய வேண்டும் என்கிறது. அவ்வழி எந்த அளவில் அமைந்திருக்கிறது?

2007-இல் இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் தொடங்கியபோது மைய அரசின் பங்கு மாதத்துக்கு 200 ரூபாய். 2011-இல் எண்பது வயதைக் கடந்தோர்க்கு மட்டும் அது 500 ஆயிற்று. மற்றவர்களுக்கான அந்த 200 ரூபாய் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அசையவே இல்லை. தமிழ்நாட்டு அரசு தன் பங்கைச் சேர்த்து 2011-இல் ஓய்வூதியத்தை 1000 ரூபாயாகவும், 2023-இல் 1200 ரூபாயாகவும் உயர்த்தியது. அரிசி பருப்புக்கு அது உதவும். பணிவிடைக்கு ஆள் அமர்த்த உதவாது.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கித் தர வழிவகுத்தது. மாவட்டத்துக்கு ஒன்றாகிலும் 150 பேர் தங்கும் முதியோர் இல்லம் அமைக்கலாம் என்றது. வழக்குமன்றம் ஒருபுறம், இல்லம் மறுபுறம். இடையில் உள்ள வீட்டைச் சட்டம் காணவில்லை. 2019 டிசம்பரில் மக்களவையில் வைக்கப்பட்ட திருத்த மசோதா வீட்டுப் பராமரிப்புப் பணியைப் பற்றிப் பேசியது. அது நிறைவேறாமலே அந்த மக்களவையின் காலம் முடிந்து, 2024-இல் காலாவதியாயிற்று. அதற்காக எந்த ஊரிலும் ஓர் ஊர்வலம் நடந்ததாக நான் கேள்விப்படவில்லை. நம் ஊரிலும் நடக்கவில்லை.

அதே 2024-ஆம் ஆண்டு அக்டோபரில், எழுபது வயதைக் கடந்த அனைவருக்கும், வருமான வேறுபாடின்றி, ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கான காப்பீடு விரிவாக்கப்பட்டது. வரவேற்க வேண்டியதே. ஆயினும் அதன் உட்பொருளை எண்ணிப் பாருங்கள். மூதாட்டி விழுந்து எலும்பு முறித்துக்கொண்டால் இலட்சங்கள் தர அரசு ஆயத்தமாயிருக்கிறது. அவர் விழாதிருக்கச் சுவரில் ஒரு கம்பி பொருத்த அதில் இடமில்லை. மருத்துவமனைக் கட்டிலுக்குப் பணம் உண்டு. வீட்டுக் கட்டிலருகே நிற்கும் ஆளுக்குப் பணம் இல்லை.

தமிழ்நாட்டில் நல்ல தொடக்கங்கள் இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகளை வீடுதேடிக் கொடுத்தது. படுக்கையில் இருப்போர்க்கு வலிதணிப்புச் சேவையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கச் செய்தது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய 'தாயுமானவர்' திட்டம் நியாயவிலைக் கடைப் பொருள்களை முதியோரின் வாயிலுக்குக் கொண்டு சென்றது. அதே ஆண்டு நவம்பரில் 'அன்புச்சோலை' என்னும் பகல்நேர மையங்கள் திறக்கப்பட்டன. மாத்திரை வாயிலுக்கு வந்துவிட்டது, அரிசியும் வந்துவிட்டது. இனி வர வேண்டியது மனிதக் கரம்.

அரசு வந்தால் அன்பு போய்விடுமா?

இங்கேதான் நம்மவர்களின் பெரிய தடை எழுகிறது. பெற்றோரைப் பேணுவது நான்காம் கட்டளை. அதை அரசு ஏற்றுக்கொண்டால் பிள்ளைகள் கைகழுவிவிடுவார்கள். மேலைநாடுகளைப் போல நம் குடும்பமும் சிதறிவிடும் என்கிறார்கள். பக்தியுள்ளோரின் வாயிலிருந்து வருவதால் இவ்வாதம் புனிதமாகத் தோன்றுகிறது. அதைச் சற்று உரசிப் பார்ப்போம்.

பெத்லகேமின் நகோமியை நினைத்துக்கொள்ளுங்கள். கணவனை இழந்தவர், இரு புதல்வரையும் பறிகொடுத்தவர், முதுமையில் சொந்த ஊருக்குத் திரும்பியவர். அவரைக் கைவிட மறுத்த மருமகள் ரூத்தின் அன்பைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்த அன்பு அடுப்பில் எப்படி எரிந்தது? அறுவடையின்போது வயலோரத்தை முற்றிலும் அறுக்காமலும், சிந்திய கதிர்களைப் பொறுக்காமலும், ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிட வேண்டும் என்று லேவியர் நூல் 19-ஆம் அதிகாரம் சட்டம் இட்டிருந்தது. அச்சட்டத்தின் உரிமையால் ரூத்து போவாசின் வயலில் கதிர் பொறுக்கினார். அக்கதிர்தான் நகோமியின் உணவு. அந்தச் சட்டம் ரூத்தின் அன்பைக் குறைத்ததா? அன்பு நிலைத்து நிற்கத் தரை கொடுத்தது. சட்டம் இல்லாதிருந்தால், அத்தனை அன்பையும் வைத்துக்கொண்டு அவ்விரு பெண்களும் பசியால் வாடியிருப்பார்கள்.

இன்று நம் வீடுகளிலும் ரூத்துகள் இருக்கிறார்கள். குடும்பம் பார்த்துக்கொள்கிறது என்று நாம் பெருமையோடு சொல்லும்போது, 'குடும்பம்' என்னும் சொல்லுக்குப் பொருள் ஒரு மருமகள், அல்லது திருமணமாகாத ஒரு மகள், அல்லது தாமே எழுபதைக் கடந்த மனைவி. அவர்கள் இரவில் உறங்குவதில்லை, வேலையை விட்டிருக்கிறார்கள், ஞாயிறு திருப்பலிக்கு வருவதுகூட அரிது. ஆணின் கடமையைப் பெண்ணின் முதுகில் ஏற்றிவிட்டு, அதற்கு நான்காம் கட்டளை என்று பெயர் வைத்திருக்கிறோம். வாரத்தில் மூன்று நாள் ஒரு பணியாளர் வந்தால், அந்த மருமகள் மாமியாரின் அருகே சற்று நேரம் சும்மா உட்கார்ந்து பேச முடியும். களைப்பு நீங்கிய இடத்தில் அன்பு திரும்பி வரும்.

அனுபவமும் இதையே காட்டுகிறது. ஜெர்மனியில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு 1995-இல் நடைமுறைக்கு வந்தது. இல்லத்தைவிட வீட்டுப் பராமரிப்புக்கே முதலிடம் என்று அச்சட்டம் விதித்தது; பராமரிக்கும் உறவினருக்கு உதவித்தொகையும் ஓய்வூதிய வரவும் தந்தது. அதன் செலவில் முதலாளிகளின் பங்கை ஈடுகட்ட, சாக்சனி தவிர்த்த மாநிலங்கள் பொது விடுமுறையாயிருந்த சீர்திருத்தத் திருச்சபையின் மன்றாட்டு நாளையே விட்டுக்கொடுத்தன. கால் நூற்றாண்டுக்குப் பின், 2021-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, அங்கே பராமரிப்பு தேவைப்பட்ட சுமார் ஐம்பது இலட்சம் பேரில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் வீட்டிலேயே வாழ்ந்தார்கள். மொத்தத்தில் பாதிப் பேரைப் பெரும்பாலும் உறவினர்களே பேணினார்கள். அரசு வந்தது, அன்பு ஓடிவிடவில்லை.

எச்சரிக்கை தரும் பாடமும் உண்டு. ஆஸ்திரேலியாவில் வீட்டுப் பராமரிப்புக்கான அரசு உதவி இருந்தது. ஆனால் நிதி ஒதுக்கீடு போதாமல் காத்திருப்போர் பட்டியல் நீண்டது. 2017-18-ஆம் ஆண்டில் மட்டும் 16,000-க்கும் மேற்பட்டோர் அவ்வுதவி கைக்கு வருமுன்பே இறந்தார்கள் என்று அந்நாட்டு விசாரணை ஆணையம் 2019-இல் பதிவு செய்தது. புதிய சட்டத்தின்கீழ் அத்திட்டம் 2025 நவம்பரில் மாற்றியமைக்கப்பட்டது. ஆகவே உதவி என்று தாளில் எழுதினால் போதாது. உரிய காலத்தில் வீட்டு வாயிலுக்கு வர வேண்டும்.

அவை செல்வ நாடுகள், நம்மால் இயலுமா என்பது அடுத்த கேள்வி. மலையைக் கடந்து கேரளத்தைப் பாருங்கள். 1993-இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் சிலர் தொடங்கிய வலிதணிப்புப் பணி, பொதுமக்களின் தொண்டால் ஊர்தோறும் பரவியது. 2008-இல் மாநில அரசு அதற்கென்றே கொள்கை வகுத்தது. ஊராட்சி தன் திட்ட நிதியிலிருந்து செவிலியருக்கும் வண்டிக்கும் மருந்துக்கும் பணம் ஒதுக்குகிறது. செவிலியர் வீடுவீடாகச் சென்று புண் துடைக்கிறார், சிறுநீர்க்குழாய் மாற்றுகிறார், உடனிருப்போர்க்குப் பயிற்சி தருகிறார். அது படுக்கையில் வீழ்ந்தோர்க்கான பணி. வீழுமுன் தாங்கும் பணியாக அதை விரிக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் ஊராட்சியால் இயலாது என்னும் வாதம் அங்கே பொய்யாகிவிட்டது. 2021-க்கான மக்கள்தொகை மதிப்பீட்டில் அறுபதைக் கடந்தோர் கேரளத்தில் நூற்றுக்கு 16.5, அதற்கு அடுத்த இடத்தில் தமிழ்நாடு, 13.6. காத்திருக்க நமக்கு நேரமில்லை.

துணை என்னும் சொல்லின் பொருள்

நம் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் போல இதையும் திருச்சபையே செய்யட்டும், அரசிடம் ஏன் கையேந்த வேண்டும் என்பார் சிலர். பதினோராம் பத்திநாதர் 1931-இல் எழுதிய 'நாற்பதாம் ஆண்டு' என்னும் சுற்றுமடலையும் துணைக்கு அழைப்பார்கள். சிறிய குழு செய்யக்கூடியதைப் பெரிய குழு பறித்துக்கொள்ளலாகாது என்று அது கற்பிக்கிறது. எனவே குடும்பத்துக்குள் அரசு நுழையக் கூடாது என்று முடிவு கட்டுகிறார்கள். பாதிப் பாடத்தைப் படித்தவர்கள் இவர்கள். அக்கோட்பாட்டின் இலத்தீன் வேர்ச்சொல்லுக்கே 'உதவி' என்று பொருள். பெரியது சிறியதை விழுங்கவும் கூடாது, கைவிடவும் கூடாது. குடும்பத்தைத் தன் காலில் நிற்கச் செய்யும் உதவி அரசின் கடமை. வரி கட்டிய குடிமகன் அதைக் கேட்பது பிச்சை அன்று, நீதி.

மேலும், திருச்சபை தொடக்கத்திலேயே இதைக் கற்றது. திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரத்தில், அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசும் கைம்பெண்கள் புறக்கணிக்கப்பட்டார்கள் என்ற முறையீடு எழுந்தது. திருத்தூதர்கள் அவரவர் பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லவில்லை. பொதுச்சொத்தைப் பகிர எழுவரை நியமித்தார்கள். ஒழுங்கும் பொறுப்பும் பொதுப்பணமும் சேர்ந்ததே அவர்கள் கண்ட விடை.

ஆண்டவரின் கடுஞ்சொல் ஒன்றும் நமக்கு உண்டு. மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தில், பெற்றோருக்கு உதவ வேண்டிய பொருளைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்குரிய காணிக்கை, என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை இயேசு சாடுகிறார். பளிங்கில் பெற்றோர் பெயரைப் பொறித்து இல்லத்துக்கு நன்கொடை கொடுத்துவிட்டு, அதே பெற்றோரின் வீட்டுக்கு ஓர் ஆளை அமர்த்தத் தவறும் நம் தாராளத்துக்கும் அந்தக் கொர்பானுக்கும் தொலைவு எவ்வளவு?

நாம் செய்ய வேண்டியவை

அரசிடம் கேட்க வேண்டியவை மூன்று. ஊராட்சி தோறும், நகர வட்டம் தோறும், முதியோரின் வீடுகளுக்குச் செல்லும் பயிற்சி பெற்ற பணியாளர்கள். வீட்டை முதுமைக்கு ஏற்றதாக மாற்றச் சிறு மானியம். பராமரிக்கும் உறவினருக்கு உதவித்தொகையும், ஆண்டில் சில நாள் ஓய்வும்.

இவற்றுள் முதலாவதைக் குறித்து ஒரு சொல். இப்பணிக்கு வருவோர் ஏழைப் பெண்களாகவே இருப்பார்கள். தொண்டு என்றும் ஊக்கத்தொகை என்றும் பெயரிட்டு அவர்களுக்குக் குறைந்த கூலி கொடுப்பது இன்னொரு பாவம். கூலியாளின் பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுவதை யாக்கோபு தம் திருமுகத்தில் எழுதியிருக்கிறார். முறையான ஊதியம், விடுப்பு, சேமநிதி ஆகியவற்றோடு கூடிய அரசுப் பணியாக அது அமைய வேண்டும். ஒரு முதியவரின் மாண்பை ஓர் ஏழைப் பெண்ணின் மாண்பை விற்று வாங்கக் கூடாது.

பங்கில் செய்ய வேண்டியவையும் உண்டு. 1833-இல் பாரிசில் ஃபிரடெரிக் ஓசானாமும் தோழர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையின் உயிர்ப்பணியே ஏழைகளை வீட்டில் சென்று சந்திப்பதுதான். அவ்வேரை மறந்து, ஆண்டுக்கொரு முறை வேட்டி சேலை கொடுப்பதோடு நம் கிளைச்சபைகள் நின்றுவிட வேண்டாம். ஒவ்வோர் அன்பியமும் தன் எல்லைக்குள் தனித்து வாழும் முதியோரை, மதம் பாராமல், கணக்கெடுக்கட்டும். அவர்களுள் யாருக்கு எது தேவை என்பதை அவர்களிடமே கேட்டு எழுதட்டும். திருவிழா மின்விளக்குச் செலவில் ஒரு பகுதியைக் குறைத்தாலே எத்தனையோ வீட்டுக் கழிவறைகளில் கைப்பிடி பொருத்திவிடலாம்.

அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கிராம சபைக்குச் செல்லுங்கள். சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என ஆண்டில் பல முறை அது கூடுகிறது. அங்கே எழுந்து, நம் ஊராட்சியில் இத்தனை முதியோர் தனியே வாழ்கிறார்கள், அவர்களுக்கு வீட்டுப் பராமரிப்புப் பணியாளர் வேண்டும் என்று தீர்மானம் கொண்டு வாருங்கள். தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் தீர்மானம் போடத் தெரிந்த நமக்கு இதுவும் தெரியும். முதல் முறை தள்ளிவிடுவார்கள். அடுத்த கூட்டத்தில் மீண்டும் எழுந்து நில்லுங்கள். நடுவரின் கதவைத் தட்டி ஓயாத கைம்பெண்ணைப் புகழ்ந்தவர் நம் ஆண்டவர் அன்றோ?